யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள நெடுந்தீவுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாமா? குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு எடுப்பது எப்படி?

போகலாம். ஆனால் பலரும் காலையில் எத்தனை மணிக்குப் படகு என்று மட்டும்தான் கேட்கிறார்கள். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்து ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் முதலில் விசாரிக்க வேண்டியது திரும்பி வரும் படகை.

காரணம், இந்தப் படகுகள் தீவுச் சனத்துக்காக ஓடுபவை. இரவில் நெடுந்தீவின் மாவிலித்துறையில் கட்டிக் கிடக்கும். விடியப்புறம் அங்கிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு குறிகட்டுவானுக்கு வரும். சந்தை, ஆஸ்பத்திரி, கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்று யாழ்ப்பாணம் போனவர்களைப் பின்னேரம் திருப்பிக் கொண்டுபோய் விடும். உங்களுக்குப் பயன்படுவது இடையில் ஓடும் ஓட்டம் மட்டும்: காலையில் போய், பிற்பகலில் வருவது. அதைத் தவறவிட்டால் இரவு தீவில்தான். ஆகவே இறங்கியதும், ஓட்டோவுக்கு வாடகை பேச முதல், படகில் வேலை செய்பவர்களிடமே "அண்ணை, பின்னேரம் எத்தனைக்கு வெளிக்கிடும், எந்தப் படகு?" என்று கேட்டு வையுங்கள். இணையத்தில் சுற்றும் நேர அட்டவணைகளை நம்ப வேண்டாம். குமுதினி, நெடுந்தாரகை, வடதாரகை, சமுத்திரதேவா என்று பெயர்கள் பல இருந்தாலும், அன்று எது ஓடுகிறது, எது திருத்தத்துக்குக் கரையேறியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நேரம்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 இலக்க பஸ் எடுங்கள். பண்ணை, வேலணை, புங்குடுதீவு வழியாக இறங்குதுறை வரை போகும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். அங்கே நயினாதீவுப் படகும் நிற்கும், மாறி ஏறிவிடாதீர்கள். அது ஆட்கள் நிறைந்ததும் வெளிக்கிட்டு இருபது நிமிடத்துக்குள் போய்ச் சேரும். நெடுந்தீவுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா நாட்களிலும், அங்குள்ள நாகவிகாரைக்குச் சனம் வரும் போயா (பௌர்ணமி) நாட்களிலும் துறை முழுக்க நெரிசலாக இருக்கும். அந்த நாட்களைத் தவிருங்கள்.

அடுத்தது காற்று. பலரும் கவனிக்காதது இதைத்தான். நெடுந்தீவு குறிகட்டுவானுக்குத் தென்மேற்கே இருக்கிறது. சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் மாதங்களில், மே தொடக்கம் செப்ரெம்பர் வரை, போகும்போது எதிர்க்காற்று. அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கித் தூக்கி அடிக்கும், அங்கே இருப்பவர் நனைவார். திரும்பும்போது காற்று முதுகில் என்பதால் அடி குறைவு. வடகிழக்கிலிருந்து காற்று வீசும் வாடைக் காலத்தில் இது தலைகீழ். காலையில் சுகமாகப் போய் இறங்கியவர்கள் பிற்பகலில்தான் அடிபடுவார்கள். இங்கே கடல் ஆழமில்லாதது. அதனால் அலை நீளமாக உருண்டு வராது. குட்டையாக, நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். வயிறு குழம்புவது அதனால்தான். நடுவிலோ பின்பக்கமோ, தாழ்வான இடத்தில் இருங்கள். வாந்திக் குளிசை போடுவதென்றால் படகு வெளிக்கிட அரை மணித்தியாலத்துக்கு முன்னமே போடுங்கள்.

ஏறும்போது பையை முதலில் ஆளிடம் கொடுத்து இரண்டு கையையும் வெறுமையாக வைத்துக்கொள்ளுங்கள். படகு ஏறி இறங்கிக்கொண்டே நிற்கும்; தளம் துறை மட்டத்துக்கு உயரும் கணத்தில் கால் வையுங்கள், தாழும்போது பாயாதீர்கள். துறைக்கும் படகுக்கும் நடுவில் தொங்கும் ரயரில் கால் வைக்கவே கூடாது. நனைந்த ரயர் வழுக்கும், கால் நசிந்தால் எலும்பு மிஞ்சாது. உயிர்காப்பு அங்கி தந்தால் கொளுக்கி பூட்டுகிறதா, பட்டி உக்கியிருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். பழுதென்றால் வேறொன்று கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நடுக்கடலில் படகு மெதுவானால் பதறாதீர்கள். இயந்திரத்தைக் குளிர்விப்பது கடல்தண்ணீர். அதை உறிஞ்சும் வாயில் சாதாளையோ (கடற்பாசி) பொலித்தீனோ அடைத்தால் இயந்திரம் சூடேறும். வேகத்தைக் குறைத்து அடைப்பை எடுக்கத்தான் வேண்டும். அறுந்து மிதக்கும் வலைத்துண்டு படகைத் தள்ளும் விசிறியில் சுற்றினால் ஓர் ஆள் கத்தியோடு குதித்து வெட்டி எடுப்பார். ஆகவே பிஸ்கட் பையைக் கடலில் எறியாதீர்கள்.

தீவு கிட்டத்தட்ட 8 கிலோமீற்றர் நீளம். நிழல் குறைவு, கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். ஓட்டோவில் ஒல்லாந்தர் கோட்டை, பெருக்கு மரம் (பாவோபாப்), குதிரைகள், வெடியரசன் கோட்டை என்று பார்க்க மூன்று மணித்தியாலம் போதும்.

"சுற்றுலாப் பயணிகளைப் பயமுறுத்துகிறீர்கள்" என்று கீழே எழுத ஆட்கள் வருவார்கள். வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வந்தால் ஓட்டோக்காரருக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நாலு காசு கிடைக்கும். ஆனால் நீண்ட விடுமுறை நாட்களில் உலாவ வந்தவர்கள் இருக்கைகளை நிரப்பிவிட, கிளினிக் போய்வந்த வயோதிபர் துறையில் வெயிலில் நிற்பதை ஏற்க முடியாது. 1985 மே 15 அன்று குமுதினியில் வந்த பயணிகள் பலர், கைக்குழந்தை உட்பட, கடலில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே படகைத்தான் திருத்தி மறுபடி ஓட்டினார்கள். அந்தச் சனத்துக்கு இது உல்லாசப் பயணம் இல்லை.

    

கடைசியாக, திங்கள் காலைப் படகையும் வெள்ளி பிற்பகல் படகையும் தவிருங்கள். தீவில் படிப்பிக்கும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் போய் வருவது அவற்றில்தான். செவ்வாய், புதன், வியாழன் என்றால் இருக்க இடமும் கிடைக்கும்.