சில விடுமுறை முகாம்கள் நூறாண்டு தாண்டியும் நடப்பது எப்படி? பினாங்கில் அப்படியொரு மரபு உண்டா?

முகாமில் வளர்ந்தவர்களே திரும்பி வந்து நடத்துவதால்தான். நியூயார்க் மாநிலத்தில் சாம்ப்ளேன் ஏரிக்கரையில் இருக்கும் கேம்ப் டட்லியைப் பாருங்கள். 1885இல் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. அங்கே சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரிசைப்படி ஓர் எண் கொடுப்பார்கள். அது ஆயுளுக்கும் அவருடையது. தாத்தாவின் எண்ணும் பேரனின் எண்ணும் ஒரே வரிசையில் நிற்கும். இடமும் பணமும் தேவைதான், ஆனால் இந்த ஒட்டுதல் இல்லாவிட்டால் எந்த முகாமும் இரண்டு தலைமுறை தாண்டாது என்பது என் கருத்து.

நமக்குக் கோடை என்று தனிப் பருவம் கிடையாது. பள்ளி விடுமுறைதான் முகாம் காலம். ஆனாலும் பினாங்கின் வேர் பழையது. 1907 ஆகஸ்டில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், வசதியான வீட்டுப் பையன்களையும் உழைப்பாளி வீட்டுப் பையன்களையும் கலந்து, சிறு அணிகளாகப் பிரித்து முகாம் போட்டார். ஒவ்வோர் அணிக்கும் தலைவன் ஒரு பையனே. 1908இலேயே சாரணர் இயக்கம் பினாங்குக்கு வந்துவிட்டது. மலாய் தீபகற்பத்தின் மற்ற ஊர்களுக்குப் பரவியது அதன் பிறகு.

உங்கள் பிள்ளைக்குக் கூடாரம் பழக்க வேண்டுமா? தெலுக் பகாங்கில் உள்ள தேசியப் பூங்கா அலுவலகத்தில் முதலில் அனுமதி வாங்குங்கள். காட்டுப் பாதை வழியே பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குப் போனால் கூடாரமடிக்க இடமும் ஆமை முட்டைகளைக் காக்கும் நிலையமும் இருக்கின்றன. கடலில் மட்டும் இறங்க விடாதீர்கள். நீரோட்டம் பலமானது, சொறிமீனும் உண்டு.