அப்பாவின் பிஎம் கிசான் பணம் நின்றதற்கு உங்கள் சிங்கப்பூர் வேலை காரணமா?

இல்லை. நிலம் அப்பா பெயரில் இருக்கும்வரை, நீங்கள் இங்கே வேலை பார்ப்பதால் அவருடைய 2,000 ரூபாய் தவணை நிற்காது. விவசாயிகளுக்கு மத்திய அரசு பணம் தரும் அந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டும்தான்.

பெரும்பாலும் இ-கேஒய்சி, அதாவது ஆதார் வழியாக ஆளை உறுதிசெய்வதை, முடிக்காததுதான் சிக்கலாக இருக்கும். ஆதாரில் உள்ள மொபைல் எண், நீங்கள் கையோடு கொண்டுவந்த பழைய சிம் என்றால் ஓடிபி அப்பாவுக்கு எப்படிப் போகும்? (இங்கே பலர் வீட்டில் இதே கதைதான்.)

பிஎம் கிசான் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். இ-கேஒய்சி, நில விவரம், வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இ-கேஒய்சி மட்டும் பாக்கி என்றால், அப்பா பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்தால் போதும்.

பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டீர்களா? அப்படியென்றால் விஷயமே வேறு. வெளிநாடுவாழ் இந்தியருக்கு இந்தப் பணம் கிடையாது. அப்பா வருமான வரி கட்டியிருந்தாலும் அப்படித்தான்.