வந்தவர் மறுபடியும் வர: கடைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியவை. கடைக்கு ஆள் வருகிறார்கள், ஆனால் திரும்ப வருவதில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். இரண்டு வரியில் முடிகிற பதிலை இரண்டு வரியோடு விட்டுவிட்டேன்.

பேக்கரி திறந்து ஒரு வருடம் ஆகிறது. ஏசி, அழகான விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு சுவர் என்று அலங்காரத்துக்கே பெரிய தொகை போய்விட்டது. முதல் தடவை வருகிறவர்கள் பாராட்டுகிறார்கள். மறுபடி வருகிறவர்கள் குறைவு. இன்னும் என்ன செய்தால் மனதில் நிற்கும்?
– பேக்கரி உரிமையாளர், ஈரோடு

முதலில், இன்னும் எதையும் வாங்காதீர்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஓரமாக நின்று, உங்கள் கடையில் ஒருவருக்குக் கடைசியாக என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். பில் போட வரிசை. "சில்லறையா குடுங்க" என்று ஒரு அதட்டல். ஜிபே பணம் வந்ததா இல்லையா என்று ஸ்பீக்கர் சொல்லும்வரை ஒரு முறைப்பு. முகத்தைப் பார்க்காமல் பார்சலை நீட்டும் ஒரு கை. செல்ஃபி சுவரெல்லாம் அந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

உளவியலாளர் டேனியல் கானமனும் அவரது கூட்டாளிகளும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருந்தும். 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதற்கு மேல் இன்னும் 30 விநாடி. அந்த 30 விநாடியில் மட்டும் தண்ணீரை மெல்ல 15 டிகிரிக்குக் கொண்டுவந்தார்கள். மொத்த வலி இரண்டாவதில்தான் அதிகம். ஆனால், மறுபடி ஒன்றைச் செய்யவேண்டும், எது வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலானோர் இரண்டாவதைத்தான் கேட்டார்கள். நம் ஞாபகம் முழு நேரத்தையும் கூட்டிக் கழித்துக் கணக்குப் போடுவதில்லை. உச்சமான ஒரு கணத்தையும் முடிவையும் எடுத்து வைத்துக்கொள்கிறது. ஐகியா என்ற மேசை நாற்காலிக் கடைகளில் கால் ஓய நடந்து, பில் கட்டி வெளியே வரும் இடத்தில் மலிவு விலையில் ஹாட் டாக் விற்பதில் இந்தத் தந்திரமும் அடக்கம்.

நம் ஊர்க் காய்கறிக்கார அம்மாவுக்கு இந்த ஆய்வெல்லாம் தேவைப்படவில்லை. காசு வாங்கி முடித்த பிறகுதான் ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பையில் போடுவார். முன்னாலேயே போட்டால் அது வியாபாரம், பின்னால் போட்டால் கொசுறு. அமெரிக்க உணவகங்களில் 2002-இல் நடந்த ஓர் ஆய்வில் பில்லோடு சாக்லேட் கொடுத்துப் பார்த்தார்கள். எதுவும் கொடுக்காதபோது டிப்ஸ் சுமார் 19 சதவீதம். ஒரு சாக்லேட் எடுத்துக்கொள்ளச் சொல்லி, கிளம்பப்போன பணியாளர் சட்டென்று மனம் மாறியதுபோல் "இன்னொன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றபோது சுமார் 23.

ஆக, பில் போட்ட பிறகு ஒரு பட்டர் பிஸ்கட்டைச் சின்னக் காகிதத்தில் வைத்து நீட்டுங்கள். கூட வந்த குழந்தைக்கு என்றால் அம்மாவைக் கேட்டுவிட்டு. "பிஸ்கட் இலவசம்" என்று போர்டு மட்டும் வைக்காதீர்கள். வைத்த நாளிலிருந்து அது உரிமையாகிவிடும், கொடுக்க மறந்த நாளில் சண்டை வரும்.

எதிரே பெரிய சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது. விலையில் போட்டி போட முடியவில்லை. எங்களைப் போன்ற மளிகைக் கடைக்கு இந்த "வாடிக்கையாளர் அனுபவம்" எல்லாம் ஆகிற காரியமா?
– மளிகைக் கடைக்காரர், திருச்சி

அண்ணாச்சி, அந்தப் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கார்ப்பரேட்காரர்கள் கோடிக்கணக்கில் மென்பொருள் வாங்கிச் செய்யப் பார்ப்பதை நீங்கள் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள். மூன்றாவது தெரு டீச்சர் வீட்டுக்குப் பழைய பொன்னி, மாடி வீட்டில் இட்லி அரிசியை மட்டும் ரேஷனில் வாங்கமாட்டார்கள், பெரியவருக்குச் சர்க்கரை இருப்பதால் அந்த வீட்டு லிஸ்ட்டில் வெல்லம் குறையும். எதிர்க்கடைக் கணினியிலும் இதெல்லாம் இருக்கும். ஆனால் கவுண்டரில் நிற்கும் பையனுக்கு வந்திருப்பவர் யாரென்று தெரியாது.

உங்கள் பலவீனம் என்னவென்றால், அந்த ஞாபகம் உங்களோடு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்விடுகிறது. மைத்துனர் கல்லாவில் உட்கார்ந்த அன்று உங்கள் கடையும் யாரோ ஒருவரின் கடைதான். ஒரு நீள நோட்டு போடுங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம்: என்ன ரகம், எந்த பிராண்ட், எதில் கண்டிப்பு. வாட்ஸாப்பில் லிஸ்ட் வாங்குங்கள். கேட்ட பொருள் இல்லையென்றால் வேறொன்றைச் சத்தமில்லாமல் பையில் போடாமல் போன் செய்து கேளுங்கள். அந்த ஒரு போன் அழைப்பை எந்த ஆப்பும் சரியாகச் செய்வதாகத் தெரியவில்லை.

விலையைப் பற்றி: எல்லாப் பொருளிலும் போட்டி போட முடியாது, தேவையும் இல்லை. சமையல் எண்ணெய், சர்க்கரை, துவரம்பருப்பு மாதிரி நாலைந்து பொருளின் விலைதான் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அவற்றில் மட்டும் எதிர்க்கடைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். சீரகத்தின் விலையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

அப்புறம், மஞ்சப்பை. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் அரசே "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் தொடங்கியது. கடைப் பெயரும் போன் நம்பரும் அச்சடித்த நல்ல துணிப்பையை மாத லிஸ்ட் வாங்குகிற வீடுகளுக்காவது கொடுங்கள். ஜவுளிக்கடைப் பைகள் ஊர் ஊராகப் பஸ் ஏறிப் போன காலம் ஒன்று உண்டு. தையல் மட்டும் கெட்டியாக இருக்கட்டும். காது அறுந்த பை உங்கள் பெயரைத்தான் ரோட்டில் கொட்டும்.

எங்கள் விற்பனைப் பெண்கள் சிரிப்பதே இல்லை. "சிரித்த முகத்தோடு பேசுவது எப்படி" என்று பயிற்சி கொடுக்க யாராவது இருக்கிறார்களா?
– ஜவுளிக்கடை மேலாளர், கும்பகோணம்

இருக்கிறார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி. அவர்கள் உட்கார நாற்காலி இருக்கிறதா?

காலை கடை திறந்ததிலிருந்து இரவுவரை நின்றே இருப்பவரிடம் சிரிப்பைக் கேட்பது நியாயமில்லை. இப்போது அது சட்டப்படியும் சரியில்லை. ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டு, "யாராவது உட்கார்ந்தால் பார்" என்று சூப்பர்வைசரை நிறுத்துகிற கடைகளும் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அடுத்தது அதிகாரம். ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க, மேலாளரைக் கேட்காமலே 2,000 டாலர்வரை செலவு செய்ய ஊழியருக்கு அனுமதி உண்டு. நம் கடைகளில் பிளவுஸ் துணி நூல் பிரிந்திருக்கிறது என்று வந்தவரை, "முதலாளி வரட்டும்" என்று அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம். உங்கள் பெண்களுக்கு 200 ரூபாய் அதிகாரம் கொடுங்கள். அந்த அளவுக்குள் மாற்றிக் கொடுக்கவோ தள்ளிக் கொடுக்கவோ யாரையும் கேட்கவேண்டாம், நோட்டில் எழுதினால் போதும். மாதக் கடைசியில் நோட்டைப் பாருங்கள். எந்தச் சரக்கில் திரும்பத் திரும்பக் குறை வருகிறது என்ற தகவலும் உங்களுக்குச் சும்மா கிடைத்திருக்கும்.

இந்த இரண்டையும் செய்துவிட்டு மூன்று மாதம் பாருங்கள். பயிற்சியாளர் தேவைப்பட்டால் அப்போது எழுதுங்கள்.

ஐந்து நட்சத்திரம் போட்டு கூகுளில் விமர்சனம் எழுதினால் பில்லில் 50 ரூபாய் தள்ளுபடி தரலாமா?
– உணவக உரிமையாளர், வேலூர்

கூடாது. காசோ தள்ளுபடியோ கொடுத்து விமர்சனம் வாங்குவது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. திருப்தியானவர்களை மட்டும் தேடிப்பிடித்துக் கேட்பதையும் அவர்கள் ஏற்பதில்லை. எல்லோரிடமும் பொதுவாகக் கேளுங்கள், வருவது வரட்டும்.

பல் மருத்துவமனை நடத்துகிறேன். அப்பாயின்ட்மென்ட் கொடுத்தாலும் தாமதம் தவிர்க்க முடியவில்லை. காத்திருப்பவர்கள் வரவேற்பில் இருப்பவரிடம் சண்டை போடுகிறார்கள். டிவி வைத்தும் பலனில்லை.
– பல் மருத்துவர், கோயம்புத்தூர்

டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை அறிஞர் 1985-இல் வரிசையில் காத்திருப்பதன் உளவியலைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் செல்லுபடியாகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், காரணம் சொல்லப்படாத காத்திருப்பும், பின்னால் வந்தவர் முன்னால் போகிற காத்திருப்பும் உண்மையான நேரத்தைவிட நீளமாகத் தோன்றும் என்றார். கடிகாரம் காட்டுவது ஒன்று, உட்கார்ந்திருப்பவர் உணர்வது வேறு. ஹூஸ்டன் விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரம் பற்றிப் புகார் குவிந்தபோது, பயணிகள் இறங்கும் இடத்தைப் பெட்டி வரும் இடத்திலிருந்து தூரமாக மாற்றினார்களாம். நிற்கும் நேரம் நடக்கும் நேரமாயிற்று, புகாரும் ஏறக்குறைய நின்றுபோனது. நீங்கள் நோயாளிகளை நடக்கவிட முடியாது. டீ குடித்துவிட்டு வரச் சொல்லலாமே!

உங்கள் வரவேற்பாளர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். "இதோ இப்ப கூப்பிட்டுடுவாங்க" என்றுதானே? அந்த வாக்கியத்தைத் தடை செய்யுங்கள். அரை மணி ஆகும் என்று தோன்றினால் "நாற்பது நிமிஷம் ஆகும், வெளியே போவதானால் போய்வாருங்கள், உங்கள் முறைக்குப் பத்து நிமிஷம் முன்னால் போன் செய்கிறேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். வீங்கிய கன்னத்தோடு ஒரு குழந்தை அழுதுகொண்டே வந்து முன்னால் போனால், உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே அனுப்புங்கள். வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. கேட்காமல் அனுப்பினால்தான் சண்டை.

டிவியை வைத்திருங்கள், சத்தத்தை மட்டும் குறையுங்கள்.

பத்து முறை வாட்டர் வாஷ் செய்தால் ஒன்று இலவசம் என்று அட்டை போட்டேன். யாரும் பத்துவரை வருவதில்லை.
– பைக் வாட்டர் வாஷ், சேலம்

அமெரிக்காவில் ஒரு கார் வாஷ் கடையில் இதை அப்படியே செய்து பார்த்திருக்கிறார்கள். ஆய்வு 2006-இல் வெளியானது. பாதிப் பேருக்கு எட்டு முத்திரை சேர்க்கவேண்டிய வெற்று அட்டை. மீதிப் பேருக்குப் பத்து முத்திரை அட்டை, ஆனால் அதில் இரண்டு ஏற்கனவே குத்தப்பட்டிருக்கும். இருவருமே எட்டு தடவைதான் வரவேண்டும். முதல் அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம், இரண்டாவதை முடித்தவர்கள் 34. அதனால் அட்டையைக் கொடுக்கும்போதே இரண்டு முத்திரை குத்திக் கொடுங்கள். ஆனால் பைக்குக்குப் பத்து என்பதே அதிகம் என்பது என் அபிப்பிராயம். மழைக்காலத்தில் யார் வருவார்கள்? ஆறாகக் குறையுங்கள்.

பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவதற்காக பில் போடும்போது எல்லோரிடமும் போன் நம்பர் கேட்கிறோம். சிலர் எரிச்சலாகிறார்கள்.
– காலணிக் கடை, விழுப்புரம்

எரிச்சல் நியாயமானது. நம்பர் தந்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. செருப்புக் கடையிலிருந்து வரும் பிறந்தநாள் வாழ்த்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. மூன்று மாதத்துக்குள் வார் அறுந்தால் இலவசமாகத் தைத்துத் தருகிறோம் என்று சொல்லுங்கள், நம்பரை அவர்களே தருவார்கள்.

இன்ஸ்டாகிராமில் சேலை விற்கிறேன். படத்தில் பார்த்த நிறம் இல்லை என்று ஒருவர் கடுமையாகக் கமென்ட் போட்டுவிட்டார். பார்சலைப் பிரித்துப் பார்க்கும் வீடியோ இல்லாமல் திரும்ப வாங்கமாட்டோம் என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். இப்போது என்ன செய்வது?
– வாசகி, காஞ்சிபுரம்

கமென்ட்டை அழிக்காதீர்கள். அங்கேயே இரண்டு வரி: வருத்தம், எப்போது தீர்ப்பீர்கள். விளக்கம் எல்லாம் தனிச் செய்தியில். பொது இடத்தில் வாதாடினால் ஜெயித்தாலும் படிக்கிறவர்கள் கமென்ட் போட்டவர் பக்கம்தான் நிற்பார்கள்.

வீடியோ கேட்பது கிழிசல், கறை, பார்சல் மாறியது போன்றவற்றுக்குப் பொருந்தும். நிற விஷயத்தில் வீடியோ எதை நிரூபிக்கப் போகிறது? விளம்பரத்தில் காட்டியதுபோல் இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் சொல்கின்றன. திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், கூரியர் செலவு உங்களுடையதாக இருக்கட்டும்.

"தப்பு நடந்து அதை அழகாகச் சரிசெய்தால், தப்பே நடக்காத வாடிக்கையாளரைவிட இவர் விசுவாசமாகிவிடுவார்" என்று மார்க்கெட்டிங் வகுப்புகளில் சொல்லித் தருவார்கள். 1992-லிருந்து ஓடுகிற கருத்து. பின்னால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, திருப்தி கூடுவது தெரிந்தது. மறுபடி வாங்கும் எண்ணம் கூடுவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே சரிசெய்வதில் கெட்டிக்காரியாக இருப்பதைவிடத் தப்பைக் குறைப்பதுதான் லாபம். ரிங் லைட்டில் எடுத்த படத்தோடு, காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் எடுத்த ஒரு படத்தையும் போடுங்கள். மயில்கழுத்து, இரட்டை நிற ஊடு போன்றவற்றைச் சேலையை அசைத்துக் காட்டும் வீடியோவாகப் போடுங்கள். "நேரில் கொஞ்சம் கருஞ்சிவப்பாகத் தெரியும்" என்று நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள். சிலர் வாங்கமாட்டார்கள், வாங்குகிறவர்கள் திருப்பமாட்டார்கள்.

தாத்தா காலத்து மெஸ். பையன் எம்பிஏ முடித்துவிட்டு வந்து, பெயர்ப்பலகை, மேசை, மெனு எல்லாவற்றையும் மாற்றி "தீம் ரெஸ்டாரன்ட்" ஆக்கவேண்டும் என்கிறான். பழைய வாடிக்கையாளர்கள் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– மெஸ் உரிமையாளர், மதுரை

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை என்ற அல்வாக் கடையைப் பார்த்திருப்பீர்கள். பெயர்ப்பலகை கிடையாது, மங்கலான ஒரு பல்பு, சாயங்காலம் சில மணி நேரம்தான் வியாபாரம். வெளிச்சம் போட வசதி இல்லாமலா அப்படி வைத்திருக்கிறார்கள்? அந்த இருட்டுதான் இன்று கடையின் அடையாளம். அதற்காக, பழசு எல்லாமே நல்லது என்று பையனிடம் வாதாட வேண்டாம். இருட்டு அல்வாவைக் காப்பாற்றவில்லை, அல்வாதான் இருட்டைக் காப்பாற்றியது.

எதை விடக்கூடாது என்று நீங்கள் இருவரும் முடிவு செய்யாதீர்கள். பல வருடமாக வருகிறவர்களிடம், இங்கே எது இல்லாமல் போனால் வரமாட்டீர்கள் என்று பையனையே கேட்கச் சொல்லுங்கள். மீன் குழம்பு என்பார்கள், வாழை இலை என்பார்கள், கேட்காமலே இரண்டாம் முறை ரசம் ஊற்றுகிற பெரியவர் என்பார்கள். ஆடுகிற பெஞ்சையோ, கைகழுவும் இடத்து வழுக்கலையோ, கழிப்பறையையோ ஒருவரும் சொல்லமாட்டார்கள். பையனின் பட்ஜெட் முழுவதும் அந்தப் பக்கம் போகட்டும். கழிப்பறையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள், குடும்பத்தோடு வருகிறவர்கள் கூடுவது சீக்கிரமே தெரியும். இரண்டாம் முறை ரசம் ஊற்றும் பெரியவருக்குச் சம்பளத்தைக் கூட்டுங்கள். பெயர்ப்பலகையை அடுத்த வருடம் பேசிக்கொள்ளலாம்.