வாலில் 40 கிராம்

அன்புள்ள ஐயா,

மாடல் விமானங்களைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துத்தான் நானும் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தேன். பிளானை அச்சிட்டு, பால்சா என்ற லேசான மரப்பலகை வாங்கி, வேலை முடிந்து வந்து இரவு இரவாக உட்கார்ந்து நான்கு மாதம். இறக்கை 120 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம். இறக்கை உடலுக்கு மேலே இருக்கும், வாலில் இடம் வலம் திருப்பும் ரடரும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் மட்டும் கொண்ட பழகுநர் விமானம். பால்சா நகம் பட்டாலே அமுங்குகிறதே என்று பயந்து வாலை மட்டும் மெல்லிய பிளைவுட்டில் செய்தேன். மூட்டுகளில் எபாக்ஸி பசையும் தாராளமாகப் பூசினேன். மொத்த எடை 940 கிராம்.

போன ஞாயிறு நண்பர் கையால் எறிந்தார். மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது. இன்னும் தூக்கியது. ரிமோட்டின் ஸ்டிக்கை முன்னால் தள்ளினேன், கேட்கவில்லை. ஒரு கணம் அந்தரத்தில் நின்று, இடது இறக்கை சரிந்து, அப்படியே தலைகுப்புற. மொத்தம் எட்டு வினாடி இருந்தால் அதிகம். மூக்கு போய்விட்டது, இறக்கையின் குறுக்குச் சட்டங்களில், அதாவது ரிப்களில், மூன்று நொறுங்கிவிட்டது. வால் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது.

‘இந்த வயதில் பொம்மை விமானமா’ என்று கேட்டவர்களுக்கு இப்போது கொண்டாட்டம். எனக்கு 46. பேசாமல் ரெடிமேடாக ஒரு ஃபோம் விமானம் வாங்கிவிடலாமா? கட்டுவதெல்லாம் வீண் வேலைதானா? விழுவதற்கு முன் எடுத்த படம் இணைத்திருக்கிறேன்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

வால் மட்டும் கீறல் இல்லாமல் இருக்கிறது என்கிறீர்கள். இருக்காதா பின்னே, குற்றவாளியே அதுதான்.

படத்தைப் பார்த்தேன். வேலை சுத்தமாக இருக்கிறது. உடலின் பக்கவாட்டில், இறக்கைக்குக் கீழே ஒரு சின்ன வட்டம் வரைந்திருக்கிறீர்கள். நான்கு கால்களாகப் பிரித்து எதிரெதிர்க் கால்களுக்குக் கறுப்பு அடித்திருக்கிறீர்கள். பிளானில் இருந்ததை அழகாக இருக்கிறதே என்று அப்படியே எடுத்துப் போட்டீர்கள் போலிருக்கிறது. அது அலங்காரம் இல்லை. விமானத்தின் ஈர்ப்பு மையம் அங்கே இருக்க வேண்டும் என்பதற்கான குறி. அந்த இடத்துக்கு நேராக இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும், அல்லது மூக்கு ஒரு பொட்டு தாழ வேண்டும். நீங்கள் அந்தக் குறியை வரைந்தீர்கள், அங்கே தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கடிதத்தில் அதை எழுதாமல் இருக்க மாட்டீர்கள்.

இதுபோன்ற பழகுநர் விமானத்தில் இந்த மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இருக்கும். உங்கள் 20 செ.மீ. இறக்கைக்கு ஐந்தரை, ஆறு செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வாலுக்கு வருவோம். லேசான பால்சா ஒரு கன செ.மீ. 0.1 முதல் 0.15 கிராம்வரை இருக்கும். பிளைவுட் பெரும்பாலும் 0.65 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும். மெல்லியதாகத்தான் எடுத்திருக்கிறீர்கள், ஆனாலும் எபாக்ஸியையும் சேர்த்தால் பிளானில் இருந்ததைவிட 40 கிராம் கூடியிருக்கும் என்பது என் ஊகம். வால் மையத்திலிருந்து சுமார் 60 செ.மீ. பின்னால் இருக்கிறது. மூக்கில் எடை வைக்கக் கிடைக்கும் இடமோ 15 செ.மீ. முன்னால். தராசுக் கணக்குதான். 40ஐ 60ஆல் பெருக்கி 15ஆல் வகுங்கள். வாலில் போட்ட 40 கிராமை ஈடுகட்ட மூக்கில் 160 கிராம் வேண்டும். நீங்கள் எதுவும் வைக்கவில்லை, ஆகவே மையம் இரண்டரை செ.மீ. பின்னால் போய்விட்டது. முன்விளிம்பிலிருந்து எட்டு செ.மீ.; அதாவது இறக்கை அகலத்தில் 40 சதவீதம்.

அங்கே போனால் என்ன ஆகும்? காற்று மூக்கைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கைக்குத் தூக்குவிசை கூடும், வாலுக்கும் கூடும். மையம் முன்னால் இருந்தால் நீளமான நெம்புகோலின் முனையில் இருக்கும் வால் ஜெயிக்கும். பின்புறம் மேலே எழும், மூக்கு தானாக இறங்கிவிடும். ஸ்டிக்கைத் தொடக்கூட வேண்டாம், விமானம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். மையம் பின்னால் போகப்போக இறக்கையின் கை ஓங்கும். ஒரு எல்லையைத் தாண்டினால் தூக்கிய மூக்கு தூக்கிக்கொண்டே போகும். ‘இன்னும் தூக்கியது’ என்று நீங்கள் எழுதியது இதைத்தான். வேகம் செத்து, இறக்கை மேல் ஓடும் காற்று பிய்ந்துகொள்ளும். ஸ்டால் என்பது இது. எலிவேட்டர் வேலை செய்யவும் காற்றோட்டம் வேண்டும், அது இல்லாதபோது ஸ்டிக்கை எவ்வளவு தள்ளினாலும் கேட்காது. ஆக, எட்டு வினாடியில் உங்கள் கை செய்த தவறு எதுவும் இல்லை. நான்கு மாதத்துக்கு நடுவில் ஏதோ ஒரு இரவு, மேஜை மேலேயே அந்த விமானம் விழுந்துவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை, பறக்கும்போது வாலில் விழும் சுமை இறக்கையில் விழுவதோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். அங்கே பால்சாவே தாராளமாகப் போதும். பலம் போதாதோ என்று தோன்றும் இடத்திலெல்லாம் மரத்தைக் கூட்டுவது கட்டப் பழகுகிறவர்கள் எல்லோருக்கும் வரும் வியாதி. எனக்கு இரண்டு விமானம்வரை இருந்தது. பால்சாவில் ஒரே அளவுள்ள இரண்டு பலகையை எடுத்தால் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு கனக்கும், ஒரே மரக்கட்டையிலிருந்து வந்தது மாதிரிதான் இரண்டும் தெரியும். இப்போதெல்லாம் பலகை வந்ததும் ஒவ்வொன்றாகச் சின்னத் தராசில் வைத்து, எடையைப் பென்சிலால் மூலையில் எழுதிவிடுகிறேன். லேசானவை வாலுக்கு, கனத்தவை இறக்கையின் நீளவாக்கில் ஓடும் சட்டமான ஸ்பாருக்கும், மூக்குக்கும். ஐந்து நிமிட வேலை. ஸ்பானிய மொழியில் பால்சா என்றால் தெப்பம். தெப்பம் கட்டுகிற மரத்தை வைத்துக்கொண்டு பலம் போதாது என்று நாம் கவலைப்படுகிறோம்.

இடது இறக்கை ஏன் சரிந்தது? இதை அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இறக்கையைப் பின்னால் நின்று, ஒரு கண்ணை மூடி, பின்விளிம்பை ஒட்டிப் பாருங்கள். இடது நுனியில் பின்விளிம்பு கீழ்நோக்கி முறுக்கியிருக்கிறதா? அப்படியானால் அந்த நுனி காற்றை அதிகக் கோணத்தில் சந்திக்கும், ஸ்டாலும் அங்கேதான் முதலில் ஆரம்பிக்கும். பெரும்பாலும் இறக்கையை மூடும் பிலிமை இஸ்திரியால் ஒட்டும்போது வருவது இது. மேல்பக்கம் ஒரு இழுப்பு, கீழ்ப்பக்கம் வேறு இழுப்பு என்று சூடு காட்டினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். பயப்பட வேண்டாம். எதிர்ப்பக்கமாக லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு சுருக்கங்கள் மேல் மறுபடி இஸ்திரியை ஓட்டினால், ஆறியதும் அப்படியே நின்றுவிடும். இரண்டு நுனியிலும் பின்விளிம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டால் நடுவிலிருந்து ஆரம்பிக்கும், விமானம் சரியாமல் மூக்கை மட்டும் தாழ்த்தும்.

என் முதல் விமானத்தைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அதில் எய்லரான் உண்டு, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் பலகை. ஈர்ப்பு மையம் பார்த்தேன், முறுக்கு பார்த்தேன், அதையெல்லாம் அசைக்கும் சர்வோ என்ற குட்டி மோட்டார்களின் கம்பிகளை இழுத்து இழுத்துப் பார்த்தேன். எறிவதற்கு முன் ஸ்டிக்கை இடதும் வலதுமாக ஆட்டி, எய்லரான் அசைகிறதா என்றும் பார்த்தேன். நன்றாக அசைந்தது. எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை. விமானம் கிளம்பியதும் இலேசாக வலப்பக்கம் சாய்ந்தது, இடதுபக்கம் கொடுத்தேன், இன்னும் சாய்ந்தது, இன்னும் கொடுத்தேன். முதுகு தரையில் பட விழுந்தது. டிரான்ஸ்மிட்டரில் ஒரு சுவிட்சைத் தட்டினால் தீர்ந்திருக்கும் விஷயம். இப்போதும் ஒவ்வொரு முறையும் விமானத்துக்குப் பின்னால் நின்று, வாய்விட்டு, ‘வலது என்றால் வலது எய்லரான் மேலே’ என்று சொல்லிப் பார்க்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சரி, ஃபோம் விமானம் கேட்டீர்கள். வாங்குங்கள். ஒரு காலத்தில் இதே கேள்விக்கு முகத்தைச் சுளித்திருப்பேன். கட்டாதவனுக்குப் பறக்கவிட என்ன உரிமை என்றெல்லாம் பேசியிருக்கிறேன். அது வெறும் திமிர். கட்டுவது ஒரு வித்தை, பறக்கவிடுவது வேறொரு வித்தை. இரண்டையும் ஒரே விமானத்தில் பழகுவதுதான் தவறு. நான்கு மாத உழைப்பு ஆகாயத்தில் இருக்கும்போது கை நடுங்கும், நடுங்கும் கையால் எதையும் பழக முடியாது. ஃபோம் விழுந்தால் பசை தடவி அரை மணியில் மறுபடி எறியலாம். அதற்கும் முன்னால், கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் போட்டு உங்கள் டிரான்ஸ்மிட்டரையே அதில் செருகிப் பழகுங்கள். விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது எல்லாம் எளிது. உங்களை நோக்கித் திரும்பும்போது இடம் வலமாகிவிடும், அங்கேதான் பாதிப்பேர் விழுவார்கள். பழைய ஆட்கள் சொல்லித்தரும் வழி ஒன்று இருக்கிறது. விமானம் எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள், முட்டுக்கொடுப்பது மாதிரி. யோசிக்காமல் கை அதைச் செய்யும்வரை சிமுலேட்டரை விடாதீர்கள். அனுபவமுள்ள ஒருவர் கிடைத்தால் இரண்டு டிரான்ஸ்மிட்டரை இணைத்துப் பழகலாம்; நீங்கள் தடுமாறினால் அவர் வாங்கிக்கொள்வார்.

கட்டுவது வீணா என்ற கேள்விக்கு உங்கள் கடிதமே பதில். வாங்கிய விமானம் அப்படி விழுந்திருந்தால் ‘விழுந்துவிட்டது’ என்று ஒரு வரி எழுதியிருப்பீர்கள். நீங்கள் கட்டியதால் வால் எதில் செய்தது, எங்கே எபாக்ஸி, எத்தனை ரிப் என்று எழுத முடிந்தது. அதை வைத்துத்தான் நான் இங்கே உட்கார்ந்துகொண்டு வாலைப் பிடித்தேன்.

அப்புறம், வயது. மேனார்ட் ஹில் என்று ஒரு அமெரிக்கர். 2003 ஆகஸ்டில் அவருடைய குழு ஒரு மாடல் விமானத்தை கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்துக்கு அனுப்பியது. பால்சாவால் கட்டியது, எரிபொருளோடு சேர்த்து ஐந்து கிலோவுக்குள். ஏறவும் இறங்கவும் மட்டும் மனிதர்கள் ரேடியோவில் ஓட்டினார்கள், நடுவில் தானியங்கிக் கருவி. சுமார் 3,000 கிலோமீட்டர், ஏறத்தாழ 39 மணி நேரம். அதற்கு முன் அனுப்பியவை கரை சேரவில்லை. அப்போது ஹில்லுக்கு 77 வயது, கண்பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. மரத்தை விரலால் தடவித் தடவித்தான் அவர் வேலை செய்திருக்க வேண்டும். ‘பொம்மை விமானமா’ என்றவர்களிடம் இதைச் சொல்லிப் பயன் இருக்காது, கேட்டவர்கள் பதிலுக்காகக் கேட்கவில்லை. உங்களுக்காகச் சொல்கிறேன்.

இனி வேலை. முதலில் பேட்டரி. மூக்கில் இருந்திருக்கும், அடி வாங்கியிருக்கும். லித்தியம் பாலிமர் பேட்டரி உப்பியிருந்தாலோ, ஓரம் நசுங்கியிருந்தாலோ சார்ஜ் போடவே போடாதீர்கள், அது தீப்பிடிக்கும். பார்க்க நன்றாக இருந்தாலும் ஒரு நாள் திறந்த வெளியில், எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைத்துக் கவனியுங்கள். ஒவ்வொரு செல்லும் ஒரே மாதிரி வோல்ட் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்த பேட்டரியை மறந்துவிடுங்கள். மோட்டாரின் தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள், முனை வட்டமடித்தால் வளைந்திருக்கிறது. ப்ரொப்பெல்லரை எப்படியும் புதிதாகப் போடுங்கள், விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

மூன்று ரிப் பெரிய விஷயமே இல்லை. பிளான் கையில் இருக்கிறது. உடைந்த இடத்தில் பிலிமைச் சதுரமாக வெட்டி எடுத்து, நொறுங்கியதைக் கத்தியால் சுத்தம் செய்து, பிளானிலிருந்து ரிப்பை நகலெடுத்து வெட்டிச் செருகுங்கள். இறக்கையைப் பிளான் மேலேயே, நடுவில் மெழுகுத்தாள் போட்டு, குண்டூசியால் பதித்து ஒட்டினால் முறுக்கும் வராது. ஸ்பார் உடைந்திருந்தால் மட்டும் நேராக வெட்டி ஒட்டாதீர்கள்; கத்தரித்த முனைகள் நீளவாக்கில் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வெட்டி ஒட்டுங்கள். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

வாலைக் கழற்றிவிட்டு பால்சாவில் புதிதாகச் செய்யுங்கள். பழைய வாலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்து, வித்தியாசம் எத்தனை கிராம் என்று எழுதுங்கள். 40 என்று சொல்லிவிட்டேன், சரியா என்று பார்க்க வேண்டும்.