ஆப்பிரிக்க இலக்கியத்தை வளர்க்கும் அமைப்புகள், விழாக்கள் எவை?

பலரும் முதலில் சொல்வது கெய்ன் பரிசை. ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் ஆங்கிலச் சிறுகதைக்காக 2000 முதல் வழங்கப்படுகிறது. ஆப்பிரிக்கக் கதைக்கு லண்டனிலிருந்து பரிசா என்ற முணுமுணுப்பு பழையது, நியாயமானதும்கூட. ஆனால் அதே பரிசை 2002இல் வென்ற கென்ய எழுத்தாளர் பின்யவாங்கா வைனைனாதான் மறு ஆண்டே நைரோபியில் 'குவானி?' இதழைத் தொடங்கினார். 'அதனால் என்ன?' என்று அதட்டுகிற பெயர்! புது எழுத்தாளர்களுக்கு அது பெரிய திறப்பாக அமைந்தது.

விழா என்றால் நைஜீரியாவின் 'ஆகே'. நாவலாசிரியர் லோலா ஷோனெயின் 2013இல் அபெயோகுட்டாவில் தொடங்கினார். 2018இல் லாகோஸுக்கு இடம் மாறியது. ஹராரேயில் 1983இல் தொடங்கிய ஜிம்பாப்வே சர்வதேசப் புத்தகக் கண்காட்சி அதற்கு மூத்தது.

எழுதுவதைவிடப் பெரிய சிக்கல் விநியோகம் என்பது என் எண்ணம். ஆப்பிரிக்காவில் அச்சாகும் நூல் வெளிநாட்டு நூலகத்துக்குப் போய்ச் சேருவது எளிதல்ல. அதற்காகப் பதிப்பாளர்களே 1985இல் கைகோத்து உருவாக்கியது 'ஆப்பிரிக்கன் புக்ஸ் கலெக்டிவ்'. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து இயங்கினாலும் உரிமை ஆப்பிரிக்கப் பதிப்பாளர்களிடமே இருக்கிறது. கேட்கிறபோது மட்டும் பிரதி அச்சிடும் முறை வந்தபின், கிடங்கில் நூல்களைக் குவித்துவைக்கும் செலவும் குறைந்தது. வாங்கிப் படிக்க விரும்பினால் அதன் பட்டியலிலிருந்தே தொடங்குங்கள்.