ஜூன் லீவுக்கு நியூசிலாந்துல மோட்டர்ஹோம் எடுக்கறீங்களா, டபுள் கிளேஸ் ஜன்னல் பத்தி

தம்பி, ஜூன் ஸ்கூல் லீவுக்கு கிரைஸ்ட்சர்ச்ல மோட்டர்ஹோம் (உள்ளயே படுத்து சமைச்சுக்கற வண்டி) எடுத்து தெற்குத் தீவு சுத்தப் போறோம், டபுள் கிளேஸ், அதாவது ரெண்டு அடுக்கு ஜன்னல் இருக்கற வண்டிக்கு வாடகை கூட கேக்குறாங்க, அது தேவையான்னு கேட்டிருந்தீங்க. ரெண்டு சின்னப் பிள்ளைங்களோட அந்த மாசத்துல போறதுன்னா தேவைதான், எடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி அந்த வண்டியில என்ன ஹீட்டர்னு கேளுங்க, அதுதான் முதல் கேள்வி.

நீங்க திருச்சியில இருந்து நேரா சிங்கப்பூர் வந்தவரு, நமக்கெல்லாம் குளிர்னா ஏர்கான் குளிர்தான். ஜூன்ல அங்க குளிர்காலம், தெற்குத் தீவு நடுவுல இருக்கற டெகாப்போ, ட்வைசல் ஊர்ப் பக்கம் ராத்திரி சைபருக்குக் கீழ போறது சாதாரணம். இங்க ஏர்கான் போட்டுத் தூங்கினா காலையில ஜன்னலுக்கு வெளிப்பக்கம் வேர்த்திருக்கும் பாருங்க, அங்க அது உல்டா, உள்பக்கம் வேர்க்கும். மூடின வண்டிக்குள்ள நாலு பேரு ராத்திரி முழுக்க மூச்சு விடுறதே நிறைய ஈரம், அதுக்கு மேல உள்ள சமைச்சீங்கன்னா கேஸ் எரியும்போதே நீராவி வரும், ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரை கிலோவுக்கு மேல தண்ணி. அத்தனையும் போய் உக்கார்ற இடம் சில்லுன்னு கெடக்கற ஒத்தைக் கண்ணாடிதான். இட்லிப் பானை மூடி மாதிரி முத்து முத்தா கோத்து நின்னுட்டு அப்புறம் வழிஞ்சு மெத்தை ஓரம், பிள்ளைங்க போர்வைன்னு எல்லாத்தையும் நனைச்சிரும். குளிரைக்கூட இன்னொரு ஸ்வெட்டர் போட்டு சமாளிக்கலாம், அந்த ஈரம் காயவே காயாது.

மோட்டர்ஹோம்ல டபுள் கிளேஸ்னா பெரும்பாலும் கண்ணாடியே இல்ல, ரெண்டு அக்ரிலிக் தகடு, நடுவுல காத்து. அந்தக் காத்துதான் வேலை செய்யுது, ஒத்தைக் கண்ணாடியோட பாத்தா வெளிய போற சூடு சுமாரா பாதியா குறையும், உள்பக்கம் அவ்ளோ சில்லுன்னு ஆகாததால வேர்க்கறதும் கம்மி. ஆனா வேர்க்கறது சுத்தமா நிக்காது, கூரையில இருக்கற சின்ன ஜன்னலை (ஹாட்ச்) கொஞ்சமா திறந்து வச்சே தூங்குங்க, குளிருதேன்னு அடைச்சிராதீங்க. சமைக்கும்போதும் அதேதான். அக்ரிலிக்ல சீக்கிரம் கீறல் விழும், கண்ணாடி தொடைக்கற ஸ்பிரே அடிச்சா விரிசல்கூட விடலாம், வெறும் தண்ணியும் மெத்துனு ஒரு துணியும் போதும், வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி எல்லா ஜன்னலும் லாக் ஆயிருக்கான்னு பாத்துக்குங்க.

இன்னொண்ணு, பின்னாடி எத்தனை டபுள் கிளேஸ் இருந்தாலும் டிரைவர் பக்கத்து முன் கண்ணாடியும் ரெண்டு கதவுக் கண்ணாடியும் ஒத்தைதான். குளிர் அங்கிருந்துதான் கொட்டும். அதுக்கு தடிமனான தெர்மல் ஸ்கிரீன் தர்றாங்களா, இல்ல கேபினை மறைக்க திரையாவது இருக்கான்னு கேளுங்க.

ஹீட்டர் விஷயம் ஏன் சொன்னேன்னா, சில வண்டியில கரண்ட் ஹீட்டர் மட்டும் இருக்கும், அது ஹாலிடே பார்க்ல, அதாவது வண்டிய நிறுத்தித் தங்கற முகாம்ல, பவர் சைட் (கரண்ட் பாயிண்ட் இருக்கற இடம்) எடுத்து பிளக் சொருகினாதான் ஓடும். ஏரிக்கரையில பிளக் இல்லாத எடத்துல ராத்திரி தங்கணும்னா டீசல் ஹீட்டர் இல்ல கேஸ் ஹீட்டர் கட்டாயம். டீசல் ஹீட்டர் சின்னதுன்னா மணிக்கு கால் லிட்டர் அளவுதான் குடிக்கும், எரிஞ்ச புகையும் ஈரமும் குழாய் வழியா வெளிய போயிரும், உள்ள காய்ஞ்ச சூடு வரும். ஹீட்டர், டபுள் கிளேஸ் ரெண்டுல ஒண்ணுதான் பட்ஜெட்டுக்குள்ள வருதுன்னா யோசிக்காம ஹீட்டர எடுங்க. ராத்திரி எல்லாமே பவர் சைட்லதான் தங்கப் போறீங்கன்னா டபுள் கிளேஸ எடுங்க. இதே நீங்க அங்க கோடைக்காலமான டிசம்பர் லீவுல போறதா இருந்தா ரெண்டுக்கும் மெனக்கெட வேண்டாம்னே சொல்லியிருப்பேன்.

வாடகைய ஒப்பிடும்போது டீசல் வண்டிக்கு கிலோமீட்டர் கணக்குல ரோடு சார்ஜ் தனியா வரும், அதையும் சேத்துப் பாருங்க. புக் பண்றதுக்கு முன்னாடி வண்டியோட உள் போட்டோ கேட்டு வாங்குங்க. ஜன்னல் மேல்பக்கம் கீல் வச்சு வெளிய தூக்கற மாதிரி, ஃபிரேம்லயே பிளைண்டும் கொசுவலையும் இருந்தா அது பெரும்பாலும் டபுள் அக்ரிலிக்தான், கார்ல மாதிரி கருப்பு கிளாஸ் சைடுல நகருதுன்னா ஒத்தையாதான் இருக்கும்.