கணவரின் மறைவால் மட்டும்தான் நேபாளத்தின் முன்னாள் குடியரசுத் தலைவர் வித்யா தேவி பண்டாரி பதவிக்கு வந்தாரா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. நேபாளத்தின் போஜ்பூரில் பிறந்த வித்யா, மாணவப் பருவத்திலேயே இடதுசாரி அரசியலுக்கு வந்துவிட்டவர். ஆனாலும் திருப்புமுனை 1993 மே மாதம்தான். கணவர் மதன் பண்டாரி அப்போது நேபாளக் கம்யூனிஸ்ட் கட்சியின் (ஐக்கிய மார்க்சிய லெனினிய) பொதுச் செயலாளர். சித்வான் மாவட்டத்தின் தாஸ்துங்காவில் அவர் சென்ற ஜீப் ஆற்றில் விழுந்தது. ஓட்டுநர் மட்டும் உயிர் தப்பினார். அது விபத்தா, சதியா என்ற கேள்வி நேபாளத்தில் இன்றும் ஓயவில்லை.

அடுத்து வந்த இடைத்தேர்தலில் வித்யா தோற்கடித்தது யாரைத் தெரியுமா? முன்னாள் பிரதமர் கிருஷ்ண பிரசாத் பட்டராயை. 1991-இல் மதன் வென்றதும் இதே பட்டராயைத்தான். அந்த வெற்றியில் அனுதாபத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1994 பொதுத் தேர்தலில் முன்னாள் சபாநாயகர் தமன் நாத் துங்கானாவையும் வீழ்த்தினாரே, அதற்கு அனுதாபம் மட்டும் போதாது என்பேன்.

அப்புறம் சுற்றுச்சூழல் அமைச்சர். 2009-இல் நாட்டின் முதல் பெண் பாதுகாப்பு அமைச்சர். என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய காரியம் 2006-இல் நடந்தது. அரசு அமைப்புகளில் பெண்களுக்கு 33 சதவீத இடம் கேட்டு நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 2015 அக்டோபரில் முதல் பெண் குடியரசுத் தலைவராகி, 2023 வரை அந்தப் பதவியில் இருந்தார்.